வெளியே தெரியாத குடலிறக்கம்

வாசகர் கேள்விகளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பணிபுரியும் அறுவை சிகிச்சை மருத்துவர் பதில் எழுதுகிறார்.

போன மாதம் குடல் அடைப்பைப் பற்றிப் பேசும்போது, 'சில பேருக்குக் குடலிறக்கம் வயிற்றுக்குள்ளேயே நடக்கும், வெளியே வீக்கமே வராது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மூலமும் பித்தப்பைக் கல்லும் காத்திருக்கட்டும்.

டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரருக்கு 44 வயது. வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் எடை போடுகிற வேலை. ஆறேழு வருஷமாகவே சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு இழுத்துப் பிடிக்கும், ஒருக்களித்துப் படுத்தால் விட்டுவிடும். கேஸ் என்று இஞ்சிச் சாறும் மாத்திரையுமாக ஓட்டினோம். போன வாரம் ராத்திரி வலி விடவேயில்லை, பச்சையாக வாந்தி. கோட்டயத்தில் ஸ்கேன் எடுத்து 'லெஃப்ட் பாராடியோடினல் ஹெர்னியா' என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாளில் வலி போய்விட்டது. இவரோ, 'வயிற்றில் ஒரு புடைப்பும் இல்லையே, காய் எடுப்பு முடியட்டும், தை மாசம் பார்த்துக்கலாம்' என்கிறார். தள்ளிப்போடலாமா?
வாசகி, கோம்பை

தள்ளிப்போடாதீர்கள் அம்மா. தை வரைக்கும் அந்தக் குடல் பொறுமையாக இருக்கும் என்று யாராலும் எழுதித் தர முடியாது.

புடைப்பு இல்லை என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் இந்த நோயில் புடைப்பு வராது. ஹெர்னியா என்றால் குடலிறக்கம். தொடை இடுக்கிலோ தொப்புளிலோ வரும் குடலிறக்கத்தில் வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் தோலுக்கு அடியில் வந்து நிற்கும், கையால் தொட்டுப் பார்க்கலாம். இவருக்குச் சுவரில் ஓட்டை இல்லை. வயிற்றுக்குள்ளேயே, டியோடினம் என்கிற முன்சிறுகுடல் முடிகிற இடத்துக்கு இடது பக்கம், பிறவியிலேயே ஒரு பை இருக்கிறது. சேலையை இடுப்பில் செருகினால் ஒரு மடி விழுகிறதே, அந்த மாதிரி. சிறுகுடல் அந்த மடிக்குள் புகுந்துகொள்கிறது. ஸ்கேனில் எழுதிய 'லெஃப்ட் பாராடியோடினல் ஹெர்னியா' என்பது இதுதான்.

அந்த மடி எப்படி வந்தது என்றால், தாய் வயிற்றில் ஆறாவது வாரம் வாக்கில் குடல் மளமளவென்று வளர, உள்ளே இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் போய்த் தங்கும். பத்தாவது வாரத்தில் சுழன்றபடி உள்ளே திரும்பும், மொத்தச் சுழற்சி 270 டிகிரி. திரும்பி வந்து படுத்ததும் பெருங்குடலைத் தாங்கும் சவ்வு பின்சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சில பேருக்கு ஒரு ஓரம் சரியாக ஒட்டாமல் பை மாதிரி நின்றுவிடும். ஆகவே இவர் மூட்டை தூக்கியதால் வந்ததோ, காரம் தின்றதால் வந்ததோ இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

நாற்பது வருஷம் சும்மா இருந்தது இப்போது ஏன் என்று கேட்பீர்கள். சும்மா இருக்கவில்லை. ஆறேழு வருஷமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்ததும், படுத்தால் விட்டதும் இதேதான் என்று நினைக்கிறேன். குடல் உள்ளே போனது, தானாக வெளியே வந்தது. ஒரு நாள் வெளியே வராமல் முறுக்கிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். அப்புறம் நம் கையில் இருப்பது சில மணி நேரம்.

உட்புறக் குடலிறக்கம் அபூர்வம்தான், நூறு பேரில் ஒருவருக்குக்கூட இருக்காது. குடல் அடைப்போடு வந்து சேர்கிறவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் இதனால் இருக்காது. பழைய கணக்குகளில் இந்த வகையில் பாதிக்கு மேல் டியோடினம் ஓரத்தில் வருவது, அதிலும் நாலில் மூன்று இடது பக்கம், ஆண்களுக்குத்தான் கூடுதல், நடுத்தர வயதில் வெளிப்படும். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கணக்கில் அச்சுப் பிசகாமல் உட்காருகிறார். வலி இல்லாத இந்த நேரத்தில் நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் சின்னது, பெரும்பாலும் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே முடியும். முறுக்கிக் கறுத்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்குச் செய்யும் ஆபரேஷனின் கதையே வேறு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒருவர் மூன்று முறை இதே கதையோடு வந்தார். மூன்று முறையும் வயிற்றை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது, கேஸ் ஊசி போட்டு அனுப்பினேன். நாலாவது தடவை வந்தபோது பெரியவர்கள் வயிற்றைத் திறந்தார்கள், நான் திறந்த வயிற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மீட்டர் குடல் நாவல்பழ நிறத்தில் வந்தது. மனிதர் பிழைத்தார், ஆனால் அந்த மணம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அன்றைக்குக் கற்றுக்கொண்டது இதுதான்: வலிக்கிறவர் துடிக்கிறார், கையில் வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது கையைத்தான்.

அப்புறம் மொழி விஷயம். கேரள எல்லை தாண்டினால் வலிக்கு 'வேதன' என்பார்கள். 'வேதன உண்டோ' என்று நர்ஸ் கேட்க, நம் ஆள் 'வேதனையெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்த கதை எனக்கே தெரியும். ஆனால் ஸ்கேனுக்கு மொழி கிடையாது. இரைப்பைக்கும் கணையத்துக்கும் நடுவில் சிறுகுடல் வளையங்கள் முடிச்சுப் போட்ட பை மாதிரி கொத்தாக இருப்பது படத்தில் தெரிந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அலையாதீர்கள், படச் சுருளையும் படம் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே ஆபரேஷன் செய்தாலும் அது வேண்டும்.

ஹெர்னியா பெல்ட் போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பதும் அடங்குமா?
வாசகர், உத்தமபாளையம்

அடங்காது. சுவருக்கு வெளியே கட்டும் பெல்ட், உள்ளே மடிக்குள் கிடக்கிற குடலை என்ன செய்யும்? காசை மிச்சம் பிடியுங்கள்.

எங்கள் ஊரில் வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவி, தட்டி எடுப்பார்கள். என் அம்மா அதில் கைராசிக்காரர். உள்ளே குடல் மாட்டிக்கொள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அம்மா சொல்வதும் அதுதானே?
வாசகி, தேவாரம்

கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது தங்கச்சி. குடல் இடம் மாறும், அதனால் வலிக்கும் என்கிற அளவில் உங்கள் அம்மா சொல்வதில் தப்பில்லை. அம்மாவின் கைராசியிலும் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் வயிற்று வலியில் பத்துக்கு எட்டு தானாகவே போய்விடக்கூடியது, உருவினாலும் போகும், ஓமத்திராவகம் குடித்தாலும் போகும், ஒன்றும் செய்யாமல் படுத்தாலும் போகும். மிச்சம் இருக்கிற இரண்டில்தான் ஆபத்து. அடைத்து உப்பியிருக்கும் குடலை மேலிருந்து அழுத்தி உருவினால் அது மடியிலிருந்து வெளியே வராது, ரத்தம் போகாமல் நைந்திருந்தால் கிழியக்கூடும். அதைவிடப் பெரிய நஷ்டம், உருவுவதும் காத்திருப்பதுமாக ஒரு ராத்திரி போய்விடும்.

அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், கைராசிக்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள்: வாந்தி பச்சையாக வந்தால், காற்றும் மலமும் போகாமல் நின்றால், விட்டுவிட்டு வந்த வலி விடாமல் பிடித்துக்கொண்டால், வயிறு உப்பினால், கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்து நாடி வேகமாக ஓடினால், அந்த வயிற்றில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது. வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல், சோடாவும் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். குழந்தையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது எந்த வயதிலும் வேண்டாம்.

நான் மேட்டுக்கு ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிறவள், வயது 38. மாதத்துக்கு ஒரு தடவை வயிறு பிடிக்கும், வாந்தி வரும். வளைவுகளில் தலை சுற்றி வருகிறது என்று நினைத்தேன், ஆனால் லீவு நாளிலும் வருகிறது. இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தேன், நார்மல். மனசுதான் காரணம் என்கிறார்கள். வயிற்றில் இதுவரை ஆபரேஷன் எதுவும் செய்ததில்லை.
வாசகி, கம்பம்

லீவு நாளிலும் வருகிறது என்று கவனித்தீர்களே, அது நல்ல கவனிப்பு. மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: அந்த இரண்டு ஸ்கேனும் எப்போது எடுத்தது? வலி போய் நாலு நாள் கழித்து, கூலி கிடைத்த பிறகு, சாவகாசமாகப் போய் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குடல் தன் இடத்துக்குத் திரும்பிவிட்ட பிறகு படம் எடுத்தால் நார்மல் என்றுதான் வரும். வலி இருக்கும்போதே எடுக்க வேண்டும், அதுவும் அல்ட்ராசவுண்டு போதாது, ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன். குடல் கொத்து இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது, குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஒரே வாசலில் நெருங்கிப் போவது, தண்ணீர்ச் சுழி மாதிரி சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் அதில்தான் பிடிபடும். குடல் சுவரில் மருந்து ஏறாமல் இருந்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், உங்களுக்கு இது இருப்பதற்கான வாய்ப்பு குறைவுதான். பித்தப்பைக் கல், குடல் புண், குடல் காசநோய், மாதவிலக்கை ஒட்டி வரும் வலி என்று முதலில் பார்க்க வேண்டியவை நிறைய. மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இன்னொன்று, பெண்களுக்குக் கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் அகன்ற சவ்வில் துவாரம் இருந்து அதில் குடல் நுழைவதும் உண்டு, பிரசவங்களுக்குப் பிறகு வரலாம், ரொம்ப அபூர்வம். முன்பு ஆபரேஷனே ஆகாத வயிற்றில் அடைப்பு வந்தால் டாக்டரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் பழைய ஆபரேஷன் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டது என்று பழி போட முடியாது. சந்தேகம் தீராவிட்டால் லேப்ராஸ்கோப் விட்டுப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். ஸ்கேன் நார்மல் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்க வேண்டியதில்லை.

என் மகளுக்கு 31 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் உடல் எடைக்காக எர்ணாகுளத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்தோம். 38 கிலோ குறைந்தாள். இப்போது ஆறு மாதக் கர்ப்பம். சாப்பிட்டதும் இடது பக்கம் மேல் வயிற்றில் வலி, முதுகு வரை போகிறது, குமட்டுகிறது ஆனால் வாந்தி வருவதில்லை. மசக்கை மிச்சம் என்கிறாள் மாமியார்.
வாசகர், போடிநாயக்கனூர்

ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலுவலகத்தில் கடிதம் பிரித்த அன்றே உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் உட்புறக் குடலிறக்கம் அதிகம் வரும் இடமே இந்த பைபாஸ்தான். இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து சேர்க்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கு நடுவில் புதிதாகச் சந்துகள் உண்டாகும். அதில் ஒன்றுக்கு பீட்டர்சன் சந்து என்று பெயர். வால்டர் பீட்டர்சன் என்ற ஜெர்மன் சர்ஜன் 1900-லேயே இதை எழுதிவைத்தார், அப்போது எடை குறைக்கும் ஆபரேஷனே கிடையாது, இரைப்பையோடு குடலை இணைத்த நோயாளிகளிடம் பார்த்தது. எடை குறையக் குறைய அந்தச் சவ்வில் இருக்கும் கொழுப்பும் கரையும், சந்து அகலமாகும். அதனால் ஆபரேஷன் முடிந்த உடனே வராமல், 'எல்லாம் நல்லபடியாகப் போகிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில் வந்து நிற்கும். கர்ப்பத்தில் கருப்பை குடலை மேலே தள்ளுவதால் இன்னும் கூடுதல்.

சந்துகளை அப்போதே தையல் போட்டு மூடினால் குறையுமா என்று ஸ்வீடனில் 2,507 பேரை வைத்து ஆய்வு செய்து 2016-ல் வெளியிட்டார்கள். மூன்று வருஷத்தில் அடைப்புக்காக மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது மூடாதவர்களில் 10.2 சதவீதம், மூடியவர்களில் 5.5 சதவீதம். மூடினவர்களில் குடல் இணைப்பு மடங்கிக்கொள்ளும் தொந்தரவு ஆரம்ப நாட்களில் கொஞ்சம் கூடியது, ஆனாலும் மூடுவதே நல்லது என்பது என் கட்சி. மூடியிருந்தாலும் வராது என்று இல்லை, அதைக் கவனியுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மூடியதா இல்லையா என்று எழுதியிருக்கும், தேடி எடுங்கள்.

வாந்தி வராமல் குமட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பைபாஸ் ஆனவர்களின் இரைப்பை முட்டை அளவுதான், வாந்தி எடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது. ஆறாவது மாதத்தில் மசக்கை என்று எந்த டாக்டர் சொன்னாலும், 'இவளுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நேரமும் வசதியும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், இல்லையென்றால் சி.டி. ஸ்கேனும் எடுக்கலாம். குழந்தைக்குக் கதிர்வீச்சு என்று தயங்கி, தாயின் குடல் கறுத்துப்போனால் குழந்தையும் தப்பாது. குடலுக்கு ரத்தம் போகாவிட்டால் ஏறக்கூடிய லாக்டேட் என்ற பொருள் ரத்தப் பரிசோதனையில் நார்மல் என்று வந்தாலும் அதை வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. பைபாஸ் செய்கிற சர்ஜனும் பிரசவ டாக்டரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்குப் போவதுதான் சரி.

நான் குமுளி பக்கத்துப் பையன், நர்சிங் மூன்றாம் வருஷம். தியேட்டரில் ஒரு உட்புற ஹெர்னியா கேஸ் பார்த்தேன், ஆனால் சார் வேகமாகச் செய்தார், என்ன செய்தார் என்று பிடிபடவில்லை. வழி சொல்லுங்கள்.
வாசகர், குமுளி

தம்பி, கத்தி வைப்பதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடும், அது உங்கள் வேலைதான். மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரைப்பையைக் காலி செய்வது, நரம்பில் திரவம் ஏற்றுவது, சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கு எவ்வளவு என்று குறிப்பது, ஆன்டிபயாடிக். மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கினால் நாங்கள் செய்யப்போகும் எந்தத் தையலும் பிரயோஜனமில்லை.

வயிற்றுக்குள் போனதும் உப்பிக் கிடக்கிற குடலைத் தொடக் கூடாது, கைபட்டாலே கிழியும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் முனையை முதலில் தேட வேண்டும். அங்கே குடல் சுருங்கி, அமைதியாக இருக்கும். அங்கிருந்து கைமாற்றிக் கைமாற்றிப் பின்னோக்கிப் போனால் ஒரு இடத்தில் குடல் ஒரு வாசலுக்குள் போய் மறையும். அதுதான் இடம். மெதுவாக இழுத்து வெளியே எடுக்க வேண்டும். வரவில்லை என்றால் வாசலைப் பெரிதாக்கத் தோன்றும், அங்கேதான் அனுபவம் தேவை. இடது பாராடியோடினல் என்றால் வாசலின் முன் விளிம்பிலேயே பெருங்குடலிலிருந்து வரும் கீழ் மெசன்டெரிக் சிரையும் ஒரு தமனியும் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ரத்தக் குளம். வலது பக்க வகையில் மேல் மெசன்டெரிக் தமனி முன்னால் நிற்கும், அது போனால் சிறுகுடல் மொத்தமும் போச்சு, அதனால் பெருங்குடலை வலப்பக்கத்திலிருந்து விடுவித்துப் பையை அந்தப் பக்கமாகத் திறப்போம். கல்லீரலுக்குக் கீழே வின்ஸ்லோ துவாரம் என்று ஒன்று, அதன் முன் விளிம்பில் பித்தநாளமும் கல்லீரல் தமனியும் போர்ட்டல் சிரையும், பின்னால் உடம்பின் பெரிய சிரை. அங்கே கத்தியை நினைக்கவே கூடாது, குடலில் இருக்கும் நீரை உறிஞ்சி இளைக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். குடல் சவ்விலேயே ஓட்டை இருக்கும் வகையில் பை எதுவும் கிடையாது, குடல் நேராக நுழைந்து முறுக்கிக்கொள்ளும், அதுதான் எல்லாவற்றிலும் வேகமாகக் கறுக்கும்.

அப்புறம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், சார் திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைக் குடல் மேல் போர்த்தி, மயக்க டாக்டரிடம் ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருப்பது. துணியை எடுக்கும்போது நிறம் சிவந்து வருகிறதா, சவ்வில் நாடி துடிக்கிறதா, விரலால் சுண்டினால் குடல் புழு மாதிரி நெளிகிறதா என்று பார்ப்போம். மூன்றும் இருந்தால் உள்ளே வைக்கலாம். இல்லாவிட்டால் அந்தத் துண்டை வெட்டி இரு முனையையும் இணைக்க வேண்டும். நடுவாந்தரமாக இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பது அவமானமே இல்லை. தியேட்டரில் அந்தப் பதினைந்து நிமிஷம் மாதிரி நீளமான நேரம் எனக்கு வேறு கிடையாது.

கடைசியில் வாசலைக் கரையாத நூலால் மூடுவது. தையல் சவ்வின் மேல் தோலை மட்டும் பிடிக்க வேண்டும், ஆழமாகப் போனால் விளிம்பில் ஓடும் குழாயைக் குத்தும். கருப்பையின் பக்கத்து அகன்ற சவ்வில் இருந்தால் மூடவும் செய்யலாம், வெட்டித் திறந்தும் விடலாம், வாசலே இல்லாமல் போகும். சார் வேகமாகச் செய்தார் என்றால் குடல் நல்ல நிறத்தில் இருந்திருக்கும்.

அப்பாவுக்கு இந்த ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். எப்போது மலைக்கு வேலைக்குப் போகலாம், என்ன சாப்பிடலாம்?
வாசகி, கூடலூர் (தேனி)

லேப்ராஸ்கோப்பி என்றால் நாலு வாரத்தில் லேசான வேலை. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் மூன்று மாதத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது, அதையும் அவரே சோதித்துப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டிவிட்டு. சாப்பாட்டில் பெரிய பத்தியம் ஒன்றும் இல்லை: கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், அப்புறம் ரசம், பத்து நாளில் வீட்டுச் சாப்பாடு, ஒரே மூச்சில் வயிறு முட்ட வேண்டாம். குடல் வெட்டி இணைத்திருந்தால் கொஞ்ச நாள் நாலைந்து தடவை வெளியே போகும், பயப்பட வேண்டாம். பழைய மாதிரி பிடித்தாலோ பச்சை வாந்தி வந்தாலோ அன்றைக்கே வர வேண்டும்.

மேட்டுக்கு ஜீப்பில் போவது ஆறு வாரத்துக்குப் பிறகு. அப்போதும் பின்னால் பதினைந்து பேரோடு தொங்கிக்கொண்டு போகாமல், டிரைவர் பக்கத்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, வயிற்றுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருமல் வந்தால் அதையே அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.